35 வாட்டில் ஒரு கண்ணாடி

என் வி.ஆர். (மெய்நிகர் உலகம்) சாமான் மொத்தமும் ஒரே முதுகுப்பையில் அடங்கிவிடும். இரண்டாம் கையாக வாங்கிய குவெஸ்ட் 2 ஹெட்செட் (முகத்தில் மாட்டும் திரை), ஒரு மினி பிசி, சோப்புப் பெட்டி அளவில் ஒரு பயண ரூட்டர், ஒரு பவர் பேங்க், மூன்று வயர். அவ்வளவுதான். மூன்று வருடத்தில் நான்கு அறை மாறியிருக்கிறேன். நான் திருநங்கை, அறையைக் காலி செய்யச் சொல்வதற்கு வீட்டுக்காரர்களுக்குக் காரணம் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பெரிய கேபினெட், 300 வாட் கிராபிக்ஸ் கார்டு, சுவரில் ஆணியடித்து மாட்டும் சென்சார் எல்லாம் ஒரே வீட்டில் பத்து வருடம் இருக்கப் போகிறவர்களுக்கு.

இன்னொரு காரணம் சத்தம். அறைத்தோழி தூங்கிய பிறகுதான் எனக்கு நேரம் கிடைக்கும். விசிறி இரைந்தால் அவள் விழித்துவிடுவாள். அந்த இரைச்சல் என் மைக்கிலும் ஏறும். வாட் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் விசிறிக்கு வேலையில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதை நான் வேறு வழியில்லாமல்தான் கற்றுக்கொண்டேன். இப்போது பெரிய கார்டு இலவசமாகக் கொடுத்தாலும் யோசிப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வி.ஆருக்கு வந்தது சுட்டு விளையாட இல்லை. கண்ணாடி பார்க்க. வி.ஆர்.சாட் போல ஆட்கள் கூடிப் பேசும் மெய்நிகர் தளங்களில் எந்த உலகத்துக்குள் போனாலும் பெரும்பாலும் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கும். நீங்கள் கை தூக்கினால் அதில் உங்கள் அவதார், அதாவது அங்கே நீங்கள் அணியும் உருவம், கை தூக்கும். முதல் நாள் கையைத் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி, இருபது நிமிடம் வேறொன்றுமே செய்யவில்லை. பிறகு படம் திக்கத் தொடங்கியது, தலை சுற்றியது, கழற்றி வைத்துவிட்டேன்.

சக்தி குறைந்த கணினிக்கு வி.ஆரில் மிகப் பெரிய சுமை எது தெரியுமா? அதே கண்ணாடிதான். அந்த ஒரு கண்ணாடியைத் திக்காமல் ஓடவைக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். அது ஓடிவிட்டால் மற்றதெல்லாம் ஓடும்.

கண்ணாடி ஏன் கனக்கிறது

சாதாரண 1080பி திரையில் வினாடிக்கு 60 பிரேம் (ஒவ்வொன்றும் ஒரு முழுப் படம்) ஓட, கணினி வினாடிக்குச் சுமார் 12.4 கோடி பிக்சல் வரைகிறது. குவெஸ்ட் 2-இன் திரை ஒரு கண்ணுக்கு 1832×1920. இரண்டு கண்ணுக்கும் 72 பிரேம் என்று பெருக்கிப் பாருங்கள், 50 கோடியைத் தாண்டும். ஒவ்வொரு பிரேமையும் 13.9 மில்லி வினாடிக்குள் முடித்தாக வேண்டும். 90 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 90 பிரேம்) என்றால் 11.1 மில்லி வினாடிதான். திரையில் ஒரு பிரேம் தவறினால் எரிச்சல் வரும். முகத்தில் மாட்டிய திரையில் தவறினால் வாந்தி வரும்.

இதற்கு மேல் கண்ணாடி. இரண்டு கண்ணுக்கும் உலகத்தை வரைந்த பிறகு, கண்ணாடிக்குள் இருந்து பார்ப்பதுபோல அதே உலகத்தை இன்னொரு தடவை, மறுபடி இரண்டு கண்ணுக்கும் வரைய வேண்டும். என் மினி பிசியில் ஒரு சிறிய உலகத்தில் அளந்து பார்த்தேன்: கண்ணாடி இல்லாமல் 8 மில்லி வினாடி, கண்ணாடியைப் போட்டதும் 15. எல்லை 13.9. அந்த 1.1 மில்லி வினாடியைச் சம்பாதிக்கத்தான் இத்தனை பாடு.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. திரையின் முழு அளவுக்கு யாருமே வரைவதில்லை. குவெஸ்ட் 2-இல் நேரடியாக ஓடும் செயலிகளுக்கே இயல்பான அளவு ஒரு கண்ணுக்கு 1440×1584. நான் இன்னும் இறங்கி 1216×1344-இல் ஓட்டுகிறேன். அது முதல் குவெஸ்டின் இயல்பான அளவு. வினாடிக்குச் சுமார் 23.5 கோடி பிக்சல், முழு அளவில் பாதிகூட இல்லை. எழுத்துகள் கொஞ்சம் மங்கும். முகம் மங்குவதில்லை. எனக்கு முகம் போதும்.

எதை வாங்கலாம்

முதலில், கணினியே இல்லாமல் ஹெட்செட் மட்டும். குவெஸ்ட் 2-இன் பேட்டரி சுமார் 14 வாட் மணி. அது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட வருகிறது. கணக்குப் போட்டால் திரை, கேமராக்கள், சிப், வைஃபை எல்லாம் சேர்த்து ஆறேழு வாட்தான். கையில் ஒன்றுமே இல்லாதவர்கள் இங்கிருந்து தொடங்குங்கள். தாள விளையாட்டுகளை நான் இன்றும் கணினி இல்லாமல்தான் ஓட்டுகிறேன்.

அந்த ஆறேழு வாட் சாத்தியமானதில் ஒரு கதை இருக்கிறது. குவெஸ்ட் 2-க்குள் இருப்பது ஸ்னாப்டிராகன் எக்ஸ்ஆர்2, ஆர்ம் வகைச் சிப். ஆர்மின் கட்டளைத் தொகுப்பை (சிப்புக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல்) 1983-இல் ஏகார்ன் கம்ப்யூட்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் வடிவமைக்கத் தொடங்கியவர் சோஃபி வில்சன். ஸ்டீவ் ஃபர்பர் அதன் வன்பொருளை வடிவமைத்தார். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் கைக்கு வந்தது. மலிவான பிளாஸ்டிக் உறையில் அடங்கவேண்டும் என்பதற்காக ஒரு வாட்டுக்குள் முடிக்க நினைத்திருந்தார்கள். ஓடுகிற சிப் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளந்தால் மீட்டர் பூஜ்யம் காட்டியது. பார்த்தால், சோதனைப் பலகையில் சிப்புக்கு மின்சாரம் தரும் இணைப்பே வேலை செய்யவில்லை. சிக்னல் கம்பிகள் வழியாகக் கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சோஃபி வில்சன் திருநங்கை. இதைப் படித்த அன்றிரவு ஹெட்செட்டைத் துடைத்து, மடித்த துணிமேல் வைத்தேன். ஏனென்று கேட்காதீர்கள்.

ஹெட்செட்டிலேயே கண்ணாடி கிடைக்கும், ஆனால் மொபைல் பதிப்புக்கென்று இளைக்கவைத்த உலகங்களும் அவதார்களும்தான் வரும். முழுப் பதிப்பு வேண்டுமென்றால் கணினி வேண்டும். நான் வைத்திருப்பது ரேடியான் 780எம் உள்ள மினி பிசி. தனிக் கார்டு கிடையாது, பிராசஸருக்குள்ளேயே 12 கம்ப்யூட் யூனிட் (கணக்குப் போடும் அலகு) கொண்ட கிராபிக்ஸ். இந்த வகைக் கணினியில் பலரும் செய்யும் தவறு ரேமை ஒற்றைக் குச்சியாகப் போடுவது. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்5-5600 வகையில் ஒற்றைக் குச்சி வினாடிக்கு 44.8 ஜிகாபைட், இரட்டைக் குச்சி 89.6. 32 ஜிபி ஒரே குச்சியைவிட 8 ஜிபி இரண்டு குச்சி வேகமாக ஓடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பு) கிராபிக்ஸுக்கென்று 4 ஜிபி ஒதுக்கிவிடுங்கள்.

ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியில் வி.ஆர். ஓடுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஓடும், தள்ளாடும். அதன் சிப்புக்கு உச்சமே 15 வாட், 8 கம்ப்யூட் யூனிட், வி.ஆருக்கென்று செய்த பொருளும் அல்ல. ஏற்கெனவே கையில் இருந்தால் முயன்று பாருங்கள், இதற்காக வாங்க வேண்டாம்.

பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்று கிடக்கிறது என்றால் வேறு வழி இருக்கிறது. கார்டு செருகும் துளையே 75 வாட் வரை தரும். ஜிடிஎக்ஸ் 1650-இல் பல மாடல்களுக்கும் 2024-இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-க்கும் தனி பவர் வயரே வேண்டாம். ஆனால் கம்பியில்லாமல் ஹெட்செட்டுக்குப் படம் அனுப்புவதாக இருந்தால், கார்டுக்குள் வீடியோ என்கோடர் (படத்தைச் சுருக்கி அனுப்பும் பகுதி) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செலவைக் குறைக்க அந்தப் பகுதியையே விட்டுவிட்ட கார்டுகள் சந்தையில் உண்டு. நான் அப்படி ஒன்றை வாங்கி, இரண்டு நாள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கார்டு பாவம், அதனிடம் இல்லாததைக் கேட்டால் எங்கே போகும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-இல் வந்தபோது இன்டெல் எச்டி 620 உள்ள மடிக்கணினியிலும் 60 ஹெர்ட்ஸில் ஓடும் என்று விற்ற வகை அது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அந்த ஆதரவையே எடுத்துவிட்டார்கள். லினக்ஸில் மொனாடோ என்ற திறமூல மென்பொருளைக் கட்டி மேய்க்கத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

இரண்டாம் கை வாங்கும்போது

விற்பவரோடு போனில் பேசிவிட்டுப் பகலில் போனேன். போனில் என்னை “அண்ணா, எப்ப வர்றீங்க?” என்று கேட்ட பையன், வாசலில் என்னைப் பார்த்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

“அண்ணன் வரலையாக்கா?”

“வரலை. நான்தான் பாக்கணும்.”

“அண்ணனுக்குத்தான் எல்லாம் தெரியும்னு நெனச்சேன். கேள்வி அப்படிக் கேட்டாரு.”

திருத்தவில்லை. ஹெட்செட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் லென்ஸைப் பார்த்தேன். நீங்களும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். வெயில் நேரே லென்ஸில் விழுந்தால் பூதக்கண்ணாடிபோலக் குவிந்து திரையைச் சுட்டுவிடும். வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டால் மஞ்சளாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரியும். அப்புறம் பட்டை பொருந்தும் இடத்தில் கீறல் விழுந்திருக்கிறதா, கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் குச்சியைத் தொடாமல் விட்டால் மெனு தானாக நகர்கிறதா, சார்ஜர் துளை ஆடுகிறதா. கடைசியாக, பழைய ஆளின் கணக்கை அவர் கையாலேயே நீக்கவைத்து, உங்கள் எதிரிலேயே முழுதாக ரீசெட் செய்யவையுங்கள். துணைக்கு ஒரு தோழியையும் கூட்டிப் போங்கள். எல்லாப் பையன்களும் இவன்போல “அக்கா, வயரும் வச்சுக்கோங்க” என்று அனுப்பிவைக்க மாட்டார்கள்.

போவதற்கு முன் உங்கள் கண்மணிகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். நிஜக் கண்ணாடி முன் நின்று, மூக்கின்மேல் அளவுகோலை வைத்து, வலது கண்ணை மூடி இடது கண்மணியில் பூஜ்யத்தைப் பொருத்துங்கள். கோலை அசைக்காமல் இடது கண்ணை மூடி வலதைத் திறந்து, அங்கே வரும் எண்ணைப் படியுங்கள். குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 என்று மூன்றே நிலைதான். குவெஸ்ட் 3-இல் சக்கரத்தைத் திருகி 53 முதல் 75 வரை வைக்கலாம். ஹார்மோன் எடுத்தால் இந்த எண் மாறுமா என்று ஒரு தங்கை கேட்டாள். மாறாது, எலும்பு எலும்புதான்.

பொருத்துவது

மினி பிசியிலிருந்து ரூட்டருக்கு வயர், ரூட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. இரண்டுமே வைஃபையாக இருந்தால் ஒரே காற்றில் இரண்டு தடவை பயணம், திக்கல் நிச்சயம். வீட்டுக்காரருடைய ரூட்டரைத் தொட முடியாத என்னைப் போன்றவர்களுக்குத்தான் அந்தச் சோப்புப் பெட்டி ரூட்டர். அதற்கு இணையம்கூட வேண்டாம், படத்தைக் கடத்தினால் போதும். அறைக்குள்ளேயே, கண்ணுக்கு எதிரே வையுங்கள்.

படத்தை அனுப்பும் மென்பொருள் விண்டோஸில் என்றால் 2023 கடைசியில் குவெஸ்டுக்கு வந்த ஸ்டீம் லிங்க் எளிது. நான் லினக்ஸ்காரி, ஏஎல்விஆரில் தொடங்கினேன். பிட்ரேட்டை, அதாவது வினாடிக்கு அனுப்பும் தரவின் அளவை, ஆசைப்பட்டு ஏற்றாதீர்கள். என் சாமானுக்கு எச்இவிசி என்ற வீடியோச் சுருக்க முறையில் 70 மெகாபிட் போதும், 150-இல் தாமதம்தான் கூடியது. ஓரங்களில் மட்டும் தெளிவைக் குறைத்து அனுப்பும் ஃபோவியேட்டட் என்கோடிங் என்ற வசதி இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். இந்த லென்ஸில் ஓரம் எப்படியும் மங்கல்தான்.

இனி வாட். மினி பிசியில் சிப்பின் வரம்பை 35 வாட் என்று வைத்தேன். 54 வரை ஏற்றலாம். ஏற்றியபோது பிரேம் நேரம் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, விசிறிதான் குதித்தது. வேகத்தைக் கொஞ்சம் கூட்ட மின்னழுத்தமும் கூடவேண்டும், மின்செலவோ அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏறும். மேலே போகப் போகச் செலவுதான் ஏறும், வரவு ஏறாது.

இங்கே ஒரு தந்திரம். சிபியுவும் கிராபிக்ஸும் அந்த 35 வாட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சிபியு தேவையில்லாமல் பூஸ்டில் (தற்காலிக அதிவேகம்) பாய்ந்தால் கிராபிக்ஸ் பட்டினி கிடக்கும். விண்டோஸில் பவர் பிளானுக்குள் பிராசஸரின் உச்ச நிலையை 99 சதவீதம் என்று வைத்தால் பூஸ்ட் நின்றுவிடும். எனக்குப் பூஸ்டை நிறுத்தியதில் மட்டும் ஒரு மில்லி வினாடி கிடைத்தது. ஆனால் முப்பது பேர் கூடும் இடத்துக்குப் போனால் இதே தந்திரம் காலை வாரும். அத்தனை அவதார்களையும் அசைப்பது சிபியுவின் வேலை. நாலு பேர் கூடும் இடத்துக்கு ஒரு புரொஃபைல், கூட்டத்துக்கு ஒரு புரொஃபைல் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குறைக்கும் வரிசை என் அனுபவத்தில் இது: முதலில் 72 ஹெர்ட்ஸ், அப்புறம் படத்தின் அளவு, அப்புறம் நிழல், கடைசியாகத்தான் ஓரம் மழிக்கும் ஆன்டி-ஏலியாசிங். அதை முழுதாக அணைத்தால் தலை அசையும்போதெல்லாம் விளிம்புகள் மினுமினுக்கும், கண் வலிக்கும். பாதி வேகத்தில் 36 பிரேம் வரைந்து மீதியை இட்டுக்கட்டும் வசதியை நம்பாதீர்கள். பிரேம் தாமதமானால் பழைய படத்தையே தலைக்கு ஏற்பத் திருப்பிக் காட்டுவது தலையசைவை நன்றாக மறைக்கும், கையசைவை மறைக்காது. கண்ணாடி முன்னால் நிற்கிறவளுக்குக் கைதானே முக்கியம்.

கண்ணாடியும் அவதாரும்

நன்றாகச் செய்த உலகங்களில் கண்ணாடிக்குப் பக்கத்தில் இரண்டு பொத்தான் இருக்கும்: உயர்தரம், குறைதரம். குறைதரக் கண்ணாடி ஆட்களை மட்டும் காட்டும். சுவர், மரம், வானம் எதுவும் தெரியாது. அதை அழுத்துங்கள். என் 15 மில்லி வினாடி அந்த ஒரே அழுத்தில் 11 ஆனது. பின்னணி இல்லாத வெறுமையில் நான் மட்டும் நிற்பேன். பழகிவிட்டால் அதுவே பிடித்துவிடுகிறது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டினாலோ தூரமாகப் போனாலோ அணைத்துவிடுங்கள்.

அடுத்தது கண்ணாடியில் தெரிகிற ஆள். வி.ஆர்.சாட் அவதார்களை எக்ஸலன்ட் முதல் வெரி புவர் வரை தரம் பிரிக்கிறது. அவதாரின் உருவம் முக்கோணத் துண்டுகளால் ஆனது. கணினிப் பதிப்பில் 70,000 முக்கோணம் வரை குட்; மொபைல் பதிப்பில் 10,000 வரைதான் குட். பாதுகாப்பு செட்டிங்கில் வெரி புவர் அவதார்களை மறைத்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கும்.

என் முதல் அவதாருக்கு முடி மட்டுமே 60,000 முக்கோணம். இடுப்பு வரை தொங்கும் முடி, கண்ணில் நட்சத்திரம், தோளே இல்லாத தோள். ஆறு மாதம் அதை மாட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைக் கற்றுக்கொண்டு நானே ஒன்று செய்தேன்: 9,400 முக்கோணம், ஒரே மெட்டீரியல் (மேற்பரப்பின் பூச்சு). மெட்டீரியல் எண்ணிக்கை மிக முக்கியம். ஒவ்வொன்றும் கணினிக்குத் தனித்தனி வரைபணி, கண்ணாடியில் அது இரட்டிப்பாகும். தோல், உடை, முடி எல்லாவற்றின் படங்களையும் ஒரே 1024×1024 படத்துக்குள் அடுக்கிவிடுங்கள். முடியை அட்டை அட்டையாக வெட்டாமல் ஒரே பிண்டமாகச் செய்து, கீழே இரண்டு இழையை மட்டும் ஆடவிடுங்கள். இடது புருவத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு எனக்கு உண்டு. அதையும் போட்டேன். படத்தில் எட்டுப் பிக்சல், ஒரு முக்கோணம்கூடச் செலவில்லை.

உயரத்தைப் பற்றி ஒரு வெட்கக்கேடு. செட்டிங்கில் உங்கள் நிஜ உயரத்தைக் கேட்கும். நான் ஐந்து சென்டிமீட்டர் குறைத்துச் சொன்னேன், உயரம் எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம். கண்ணாடியில் பார்த்தால் என் கால் தரையில் ஒட்டவே இல்லை. எதையோ எட்டிப் பறிப்பவள்போல நாள் முழுக்க எக்கிக்கொண்டே நின்றேன். உண்மையைச் சொன்னதும் கால் இறங்கியது. அவதாரை எவ்வளவு குட்டையாக வேண்டுமானாலும் செய்யுங்கள், அளவு கேட்கும் இடத்தில் மட்டும் பொய் வேண்டாம்.

உடம்பு

கடைக்காரர் யாரும் சொல்லமாட்டார் என்பதால் இது. நீண்ட முடியைத் தாழ்வாகக் கட்டி, பின்பட்டைக்குக் கீழே தொங்கவிடுங்கள். கொண்டை போட்டால் பட்டை நழுவும். விக் அணிபவர்கள் கழற்றும்போது பின்பட்டையை முழுதாகத் தளர்த்திய பிறகே முன்பக்கம் எடுக்க வேண்டும். நான் ஒருமுறை மறந்தேன். ஹெட்செட்டோடு எல்லாம் வந்துவிட்டது, அறையில் நாலு பேர்.

முகத்தில் படும் ஹெட்செட் பஞ்சில் மேக்கப் ஏறினால் போகாது, சிலிக்கான் உறை போடுங்கள். லென்ஸைக் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள், ஆல்கஹால் வேண்டாம். கன்னத்தில் லேசர் செய்த பிறகு சிவப்பு அடங்கும்வரை ஹெட்செட்டைத் தொடாதீர்கள். சூடும் வியர்வையும் உரசலும் அந்தத் தோலுக்கு ஆகாது. ஹார்மோன் தொடங்கிய முதல் மாதங்களில் மார்பு எவ்வளவு நோகும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். தாள விளையாட்டில் வீசிய கை தவறி கன்ட்ரோலர் அங்கே பட்டதில் ஒரு முழு நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்தேன். திருநம்பித் தம்பிகள் மார்பை இறுக்கும் பைண்டரோடு இந்த விளையாட்டுகளை ஆடாதீர்கள், மூச்சு வாங்கும். உடற்பயிற்சிக்குக் கழற்றுவதுபோலக் கழற்றிவிடுங்கள்.

குவெஸ்ட் 2-இன் 503 கிராமும் மூக்கின்மேல்தான் தொங்கும். பவர் பேங்கைப் பட்டையின் பின்பக்கம் கட்டினால் எடை சமமாகும், நேரமும் நீளும். அதை ஒரு காலுறைக்குள் போட்டுத் தைத்து வைத்திருக்கிறேன்.

குரல், பெயர்

ஈஸ்ட்ரோஜன் குரலை ஏற்றாது. டெஸ்டோஸ்டிரோன் இறக்கும், அது மீளாது. நம் பக்கத்துக்குப் பயிற்சிதான். குரல் மாற்றும் ஏஐ மென்பொருள் ஒன்றை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். அது கிராபிக்ஸில் பாதியைத் தின்றது, நான் பேசி முடித்த பிறகு என் வாய் அசைந்தது. 35 வாட்டில் குரலும் கண்ணாடியும் சேர்ந்து கிடைக்காது. கண்ணாடியை வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பதில் செய்தது: யாரும் இல்லாத உலகத்தில் கண்ணாடி முன் நின்று பேசி, பதிவு செய்து, கழற்றிவிட்டுக் கேட்பது. சுருதியைவிட, ஒலி நெஞ்சில் அதிர்கிறதா வாயின் முன்பக்கம் அதிர்கிறதா என்பதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. பேசாமலே வருகிறவர்கள் அங்கே நிறையப் பேர். தலையாட்டி, கையசைத்து, காற்றில் எழுதிக்கூடப் பேசுவார்கள். நான் நான்கு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

கணக்குத் தொடங்கும்போது பணம் கட்டும் பெயர், மற்றவர் பார்க்கும் பெயர் என்று இரண்டு இருப்பதைக் கவனியுங்கள். இரண்டாவதில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தோழியின் கணக்கிலிருந்து பாருங்கள். போன் தொடர்புப் பட்டியலை இணைக்கச் சொன்னால் இணைக்காதீர்கள். நான் இணைத்தேன், பழைய வேலையிடத்து ஆள் ஒருவருக்கு என் அவதார் “உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்” என்று போய் நின்றது. தெரிந்தவர்தான், அதுதான் பிரச்சினை.

பெயரை மாற்றினாலும் அசைவு மாறாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பீட் சேபர் என்ற தாள விளையாட்டின் 55,000-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் தலை, கை அசைவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 100 வினாடி அசைவு இருந்தால் 94 சதவீதத்துக்கு மேல் சரியாக ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தது. அதனால் மறைவாக வைத்திருக்கும் கணக்கில் ஆட்டப் பதிவுகளைப் பொதுவில் ஏற்ற வேண்டாம்.

இப்போதெல்லாம் இரவு பதினொன்றுக்கு மாட்டுகிறேன். முதலில் யாரும் இல்லாத அறை, குறைதரக் கண்ணாடி, மூலையில் பிரேம் நேரம் 10.8 என்று நிற்கும். கையைத் தூக்கி இறக்குகிறேன், இன்னும்தான். பின்னால் கதவு திறக்கும் ஒலி கேட்டால் அது அங்கே பழகிய தோழிதான், 70,000 முக்கோணப் பாவாடையோடு.

“அக்கா, இன்னைக்கும் கண்ணாடியா?”

“ரெண்டு நிமிஷம்டி.”

எண் 13.2-க்கு ஏறுகிறது. திக்கவில்லை.